அரசூர் ஆடும் கல்வராயன் காடும்

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் வருகிறது அரசூர். திருவெண்ணெய்நல்லூருக்குப் போகிறவர்கள் திரும்பும் இடம். 2024 டிசம்பரில் ஆற்று வெள்ளம் நெடுஞ்சாலையை மூடியபோது இந்த ஊரின் பெயர் செய்திகளில் அடிபட்டது. உலகக் கால்நடை மருத்துவ நூல்களில் அது இடம்பிடித்ததோ 1987இல். அந்த ஆண்டு அரசூரில் செம்மறி ஆடுகள் மடிந்தன.

கடும் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுகும் சளி, வாயெல்லாம் புண், நாற்றமெடுத்த கழிச்சல், கடைசியில் மூச்சுத்திணறல். தமிழ்நாட்டு ஆட்டுக்காரர்களும் கால்நடை மருத்துவர்களும் இந்த அடையாளங்களுக்கு முன்பே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: வெக்கை. மாட்டை அழிக்கும் அந்தப் பழைய கொள்ளைநோய் சில சமயம் ஆட்டுக்கும் வரும். அதனால் ஆடுகளிடம் இப்படி ஒரு சாவு வந்தால் அதையும் வெக்கைக் கணக்கில் எழுதுவதே வழக்கமாக இருந்தது. அரசூர் ஆடுகளின் மாதிரிகளை ஆராய்ந்தபோது விடை வேறாக வந்தது. அது வெக்கை அல்ல. வெக்கைக்கு ரத்த உறவான இன்னொரு நச்சுயிரி. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் அது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் எம்.எஸ். ஷைலாவும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் 1989இல் இதை ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்த நோய் இருப்பதாகப் பதிவான முதல் சான்று அதுதான். இன்று தமிழில் அதை ஆட்டுக்கொல்லி என்கிறோம். வெக்கைச் சார்பு நோய் என்றும் சொல்வதுண்டு. இரண்டில் முதல் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆடு வைத்துப் பிழைக்கிற வீட்டில் அந்த நோய் செய்வதை அது மறைக்காமல் சொல்கிறது.

1987இல் அரசூரும் கள்ளக்குறிச்சியும், கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. 1993இல் விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பரில் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. நிர்வாகக் கோடுகள் மாறினாலும் ஆடு நடக்கும் வழி மாறவில்லை. மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த வெள்ளாட்டுக் குட்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கீழிறங்கி, கள்ளக்குறிச்சியிலோ உளுந்தூர்பேட்டைச் சந்தையிலோ கைமாறி, நெடுஞ்சாலையேறிப் போகிறது. ஆடு போகும் வழியில்தான் நோயும் போகும், திரும்பியும் வரும். கல்வராயனின் கால்நடைகளுக்கும் காட்டு உயிர்களுக்கும் உள்ள நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் மலையடிவாரத்தில் தொடங்காமல் நெடுஞ்சாலையோர ஊர் ஒன்றில் தொடங்கியிருப்பது அதனால்தான்.

வெக்கையின் கதையைச் சொல்லாமல் ஆட்டுக்கொல்லியின் கதை விளங்காது. 1887 வாக்கில் இத்தாலியப் படைகளுக்காகக் கொண்டுபோன மாடுகளோடு வெக்கை எரித்திரியாவில் இறங்கியது என்றும், அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்றும் வரலாற்று ஆசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். பத்தாண்டுக்குள் அது ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. அதற்கு முன் இந்த நோயை அறியாத மாடுகளில் பத்தில் எட்டு ஒன்பது செத்தன. காட்டெருமைகளும் மான்களும் கூடவே செத்தன. உழவு நின்றது, பஞ்சம் வந்தது. அதே நோய் இந்தியாவில் காலங்காலமாக இருந்தும் நம் மாட்டினம் அடியோடு அழியவில்லை. ஏன்? நோய்க்குத் தப்பிய மாட்டுக்கு ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றல் நின்றது. ஒவ்வொரு அலையிலும் புதிதாகப் பிறந்தவையே விழுந்தன. முன்பு பட்ட மந்தைக்கும் பட்டறியாத மந்தைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடப் பெரிதாகக் காட்டிய நிகழ்வு கால்நடை வரலாற்றில் இல்லை.

இந்த நோயை அடக்கத்தான் 1889இல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கி, 1893இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேஸ்வருக்கு மாறியது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் அது. தமிழ்நாட்டில் 1932இல் ராணிப்பேட்டையில் ஒரு சீரம் நிலையம் அமைந்தது. நோய்க்குத் தப்பிய மாட்டின் ரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்தெடுத்து, ஆபத்திலிருக்கும் மாட்டுக்குச் செலுத்துவார்கள். இரவல் வாங்கிய பாதுகாப்பு. சில வாரங்களில் தீர்ந்துவிடும். நிலையான பாதுகாப்புக்கு வழி திறந்தது ஓர் ஆட்டின் உடம்பில். முக்தேஸ்வரில் ஜே.டி. எட்வர்ட்ஸ் வெக்கை நச்சுயிரியை வெள்ளாட்டிலிருந்து வெள்ளாட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்தார். அப்படிப் பல தலைமுறை ஆட்டில் குடியிருந்த நச்சுயிரி மாட்டைக் கொல்லும் வேகத்தை இழந்தது. மாட்டின் உடம்பு மட்டும் அதை எதிரியாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொண்டது. பிறகு, 1960களின் தொடக்கத்தில், கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களில் இதைவிடத் தூய தடுப்பூசியை உருவாக்கினார். ஒரே ஊசி, வாழ்நாள் பாதுகாப்பு. இந்தியாவில் 1954இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் பல பத்தாண்டு இழுத்தது. நாட்டின் கடைசி வெக்கை 1995இல் நம் வட ஆற்காட்டில் பதிவானது. 2011இல் உலகமே வெக்கையற்றதாக அறிவிக்கப்பட்டது. மனிதன் பூண்டோடு ஒழித்த நோய்கள் இரண்டே: பெரியம்மை, வெக்கை.

வெக்கை, ஆட்டுக்கொல்லி, மனிதருக்கு வரும் தட்டம்மை, நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் எல்லாம் ஒரே குடும்பம். உறவு நெருக்கமென்றால் உடம்பின் நினைவும் குழம்பும். அந்தக் குழப்பமே சில வேளை நன்மையாகும். வெக்கைத் தடுப்பூசி போட்ட ஆட்டை ஆட்டுக்கொல்லி அவ்வளவாகத் தாக்காது. எனவே தனித் தடுப்பூசி வரும்வரை மாட்டு ஊசியையே ஆட்டுக்குப் போட்டார்கள். 2022இல் தோல் கழலை நோய் நம் மாடுகளைப் பீடித்தபோது ஆட்டம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போட்டதும் இதே கணக்கில்தான்.

ஆனால் இந்த உறவுமுறைப் பாதுகாப்பில் ஒரு சிக்கல் இருந்தது. வெக்கை உண்மையிலேயே ஒழிந்துவிட்டதா என்று அறிய ரத்தத்தில் அதன் எதிர்ப்பொருள் இல்லை என்று காட்ட வேண்டும். வெக்கை ஊசி போட்ட ஆட்டின் ரத்தமோ வெக்கை இருப்பதாகவே சாட்சி சொல்லும். ஆக, மாட்டு ஊசியை நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. ஆட்டுக்குத் தனி ஊசி தேவைப்பட்டது. அப்படி உருவான தடுப்பூசிகளில் ஒன்றின் வித்து எங்கிருந்து வந்தது தெரியுமா? அரசூரில் செத்த செம்மறிகளிடமிருந்து. ‘அரசூர் 87’ என்ற அந்த நச்சுயிரியைச் செல் வளர்ப்பில் பலமுறை வளர்த்து, வலுவிழக்கச் செய்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியாக்கியது. இமாச்சலத்தின் சுங்ரியில் 1996இல் கிடைத்த வித்திலிருந்து முக்தேஸ்வரில் இன்னொன்று உருவானது. 1987இல் அரசூரில் ஆட்டைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா? சேர்ந்திருக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது.

இனி ஆட்டுக்குள்ளே போவோம். எதிர்ப்பாற்றல் என்றதும் ஊசியையே நினைக்கிறோம். ஆடு மாடுகளுக்கு அதற்கு முந்திய ஒரு தடுப்பு மருந்து உண்டு: சீம்பால். மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்பொருளைத் தொப்புள்கொடி வழியாகவே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. அசைபோடும் விலங்குகளின் நஞ்சுக்கொடி அந்த எதிர்ப்பொருளை உள்ளே விடுவதில்லை. கன்றும் குட்டியும் ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கின்றன. தாய் தன் வாழ்நாளில் பட்ட நோய்களின் நினைவு, போட்டுக்கொண்ட ஊசிகளின் நினைவு எல்லாவற்றையும் ஈன்றதும் சுரக்கும் அந்த மஞ்சள் நிறக் கெட்டிப் பாலில் வைத்திருக்கிறது. பிறந்த குட்டியின் குடல் சில மணி நேரத்துக்கு மட்டும் அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. ஒரு நாள் கழிந்தால் கதவு மூடிவிடும். அதன்பின் எவ்வளவு குடித்தாலும் அது உணவாகுமே தவிர, ரத்தத்தில் காவலாக ஏறாது.

நம் ஊர்களில் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுப்போம். நல்ல வழக்கம்தான்; பங்கிட்டு உண்பதை எதிர்த்து எழுத எனக்கு மனமில்லை. மாடு சுரக்கும் சீம்பால் கன்றின் தேவையைவிட மிகுதியாகவே இருக்கும் என்பதும் உண்மை. கேட்பது வரிசை மட்டும்: முதலில் கன்று வயிறு நிறையட்டும், பிறகு சட்டி. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்ட விடக்கூடாது என்று இன்னும் சில இடங்களில் காத்திருக்கிறார்கள். அது பெருந்தவறு. காத்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் கதவு சாத்திக்கொண்டே வருகிறது.

சீம்பால் தந்ததும் இரவல்தான். ஆட்டுக்கொல்லியைப் பொறுத்தவரை தாய் தந்த எதிர்ப்பொருள் மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடுகிறது. அது இருக்கும்போது ஊசி போட்டால், தடுப்பூசியில் உள்ள உயிருள்ள நச்சுயிரியைத் தாயின் எதிர்ப்பொருளே அழித்துவிடும்; குட்டியின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. அது போன பிறகும் ஊசி போடாமல் விட்டால் குட்டி திறந்த வாசலில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. ஆட்டு மருத்துவத்தில் நான் படித்தவற்றில் இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. முகாம் நடத்துகிற நாளுக்கும் குட்டி பிறந்த நாளுக்கும் உள்ள தொலைவுதான் அந்தக் குட்டியின் விதி.

காட்டிலும் இதே விதிதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி சமவெளியில் வில்டபீஸ்ட் என்னும் மான் வகையின் கன்றுகள் ஆண்டுதோறும் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. முதியவை சாகவில்லை. ஓராண்டுக் கன்று நோய் என்றே அதற்குப் பெயர். அது வெக்கைதான். தாய்ப்பாலின் காவல் தீர்ந்ததும் வெக்கை கன்றுகளைப் பிடித்தது. தப்பியவை வாழ்நாள் எதிர்ப்போடு வளர்ந்து, தங்கள் கன்றுக்குச் சில மாதக் காவலைக் கொடுத்தன. இப்படி ஒரு சுழல். சமவெளியைச் சுற்றியிருந்த மக்களின் மாடுகளுக்கு 1950களிலும் 60களிலும் தடுப்பூசி போட்டார்கள். மான் ஒன்றுக்குக்கூட யாரும் ஊசி போடவில்லை. ஆனாலும் மான்களிடமிருந்து நோய் மறைந்தது. 1961இல் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த அவை 1977இல் பதின்மூன்று லட்சமாயின. காட்டு விலங்குதான் நோயைப் பதுக்கி வைத்து மாட்டுக்குத் தருகிறது என்று அதுவரை குற்றம் சாட்டியிருந்தார்கள். உண்மையில் மாடுதான் காட்டுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நமக்கும் இதில் சொந்த வரலாறு உண்டு. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை புகுந்து காட்டுமாடுகளை, பேச்சு வழக்கில் காட்டெருமை என்கிறோமே அவற்றை, ஏறக்குறையத் துடைத்தெடுத்தது. அந்தக் காடுகளில் காட்டுமாடு மறுபடி மந்தையாகத் திரியப் பல ஆண்டுகள் ஆயின. இன்று முதுமலையில் வண்டியை நிறுத்தி அவற்றைப் படமெடுக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அவை அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசி என்று?

கல்வராயனுக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே அதைவிட உயரமான பெரிய கல்வராயன். கோமுகியும் மணிமுத்தாறும் இங்கே பிறந்து வெள்ளாற்றில் சேருகின்றன. மலையாளி என்ற பழங்குடி மக்களின் மலை. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் மேட்டு நிலம். மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் நடுவே இங்கே வேலி கிடையாது. பட்டி ஆடு கடித்த கிளையைப் புள்ளிமான் கடிக்கிறது. மாடு குடித்த ஓடையில் காட்டுப்பன்றி புரளுகிறது.

மலை தனித்திருப்பதால் நோய் வராது, நாட்டு இனம் என்பதால் வந்தாலும் தாங்கும் என்று இரண்டு நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. இரண்டாவதில் பாதி உண்மை உண்டு. உண்ணி வழியாகப் பரவும் காய்ச்சல்களை நாட்டு மாடு கலப்பின மாட்டைவிட நன்றாகவே தாங்குகிறது. பிறந்தது முதல் உண்ணியோடு வளரும் கன்று இளமையிலேயே லேசாகப் பட்டுத் தேறிவிடுவதும் அதற்கு ஒரு காரணம். கோமாரியிலும் நாட்டு மாட்டுக்குப் பாதிப்பு குறைவாக இருப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். இந்தப் பாதி உண்மையை எடுத்துக்கொண்டு ஊசியே வேண்டாம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. ஆட்டுக்கொல்லிக்கு நாட்டு ஆடு, வெளியூர் ஆடு என்ற வேறுபாடு பெரிதாகக் கிடையாது. அரசூரில் செத்தவை நம் ஊர்ச் செம்மறிகள்.

முதல் நம்பிக்கையோ தலைகீழானது. முக்தேஸ்வரில் வெக்கை ஆராய்ச்சிக்குக் குமாவுன் மலை மாடுகளைத்தான் சோதனை மாடுகளாக வைத்திருந்தார்கள். சமவெளி மாடு ஓரளவு தாங்கும் நோயில் மலை மாடு எளிதாக விழுந்தது. ஒதுங்கி வாழ்ந்த மந்தை நோயைப் பார்த்ததில்லை. பார்க்காத நோய்க்கு உடம்பில் பாடம் இல்லை. ஒதுக்கம் ஒரு வேலிதான். வேலியில் ஒரு பொத்தல் விழுந்தால் உள்ளே இருப்பவை எல்லாமே இரை. கல்வராயனில் இன்று சாலை இருக்கிறது, சரக்கு வேன் இருக்கிறது, பண்டிகைக்கு முன்னால் ஆடு வாங்க வரும் வியாபாரி இருக்கிறார். விற்காத ஆடு சந்தையிலிருந்து திரும்பி வருகிறது; புதிதாக வாங்கிய ஆடும் ஏறி வருகிறது. சந்தையில் நூறு பட்டியின் ஆடுகள் ஒரே கயிற்றடியில் தும்முகின்றன. நோய் ஒட்டிய ஆடு நான்கைந்து நாள் நன்றாகவே தோன்றும். அதற்குள் அது மலையேறிவிடும்.

இங்கேதான் மந்தையின் கணக்கு வருகிறது. ஒரு பேச்சுக்கு, ஊரில் 100 ஆடுகள். முகாம் நன்றாக நடந்து 80 ஆட்டுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அடுத்த ஓராண்டில் அந்த எண்பதில் 35 விற்றுப்போயின. ஊசி படாத இருபதில் ஐந்து போயின. 50 குட்டிகள் பிறந்து வளர்ந்தன. இப்போது மந்தையில் 110 ஆடு. பாதுகாப்பு உள்ளவை 45. எந்த ஊசியும் தோற்கவில்லை. ஊசி போட்ட ஒவ்வோர் ஆட்டின் உடம்பிலும் அது மூன்று ஆண்டுக்கு மேல் நிற்கக் கூடியதே. இருந்தும் எண்பது விழுக்காடு ஓராண்டில் பாதிக்கும் கீழே போய்விட்டது. கோமாரித் தடுப்பூசியின் பலன் மாட்டின் ரத்தத்தில் ஆறு மாதத்தில் தேய்கிறது. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியின் பலன் சந்தையில் தேய்கிறது. வெள்ளாடு இரண்டு ஆண்டில் மூன்று முறை ஈனும். அதன் வளமே மந்தையின் எதிர்ப்பாற்றலை வேகமாகக் கரைக்கிறது.

ஊசி மூன்றாண்டு நிற்கும், ஆகவே மூன்றாண்டுக்கு ஒரு சுற்று போதும் என்று வாதிடுவது ஒற்றை ஆட்டைப் பார்க்கிறது, மந்தையைப் பார்க்கவில்லை. முதல் சுற்றில் எல்லா ஆட்டுக்கும் போட்ட பிறகு, ஆண்டுக்கு இரண்டு முறையாவது நான்கு மாதம் கடந்த குட்டிகளை மட்டும் தேடித் தேடிப் போட வேண்டும். குட்டிகள் சிறியவை, ஓடக்கூடியவை, ஒரே இடத்தில் கட்டப்படாதவை. ஊசி மருந்தோ உயிருள்ளது. உறைந்த குளிரில் இருக்க வேண்டும். தூளை நீரில் கரைத்த பிறகு ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். ஓர் ஆட்டுக்குத் தோலடியில் ஒரு மில்லி. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைச் சிற்றூர் ஒன்றுக்குப் போய்ச் சேரும்போது ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பியிருந்தால் அன்றைய மருந்து வீண். எனவே இது மருந்தைவிட நேரத்தின் சிக்கல். விடிகாலையில், பட்டி திறக்குமுன் ஊருக்குள் இருக்கும் ஆள் வேண்டும். மலையிலேயே வாழும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, மருத்துவரின் கண்காணிப்பில் ஊசி போட வைப்பதே இதற்கு வழி என்பது என் கருத்து. மலையின் தெற்கு அடிவாரத்துக்கு அப்பால் தலைவாசலில் 2021இல் திறந்த பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையமும் கல்லூரியும் இருக்கின்றன. அறிவுக்குப் பஞ்சமில்லாத இடத்துக்கு அருகேதான் இந்த மலை நிற்கிறது.

ஆட்டை நலத்திட்டமாகக் கொடுக்கும்போதும் இந்தக் கணக்கை மறக்கக்கூடாது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடு வழங்கத் தொடங்கியது. ஐந்தாண்டில் ஏழு லட்சம் குடும்பங்களுக்கு 28 லட்சம் ஆடு என்பது திட்டம். ஏழை வீட்டுக்கு ஆடு என்பது நடமாடும் வங்கி. அந்த உதவியின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தையில் வாங்கிய நான்கு ஆடு ஒரு சிற்றூருக்குள் நுழைவது அந்த ஊர் மந்தை முழுவதையும் தொடுகிற செயல். ஊசி போட்டு, இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, பிறகு மந்தையில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அதைச் செய்யாமல் விட்டால் போவது அந்த நான்கோடு நிற்காது.

காட்டுக்குள் ஆட்டுக்கொல்லி என்ன செய்யும் என்பதற்கு மங்கோலியா அண்மைய எடுத்துக்காட்டு. 2016இல் அந்த நாட்டுக் கால்நடைகளிடம் நோய் முதன்முதலாகத் தோன்றியது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் சைகா என்ற அரிய மான் இனம் புல்வெளியில் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தது. உலகில் மங்கோலியாவில் மட்டுமே வாழும் சைகா வகை அது. கால்நடைகளுக்கு ஊசி போட்டார்கள். மான் வரை நோய் போன பிறகு அதனால் மானுக்குப் பயனில்லை. முந்திக்கொண்டிருக்க வேண்டும்.

கல்வராயனில் காட்டுப்பன்றி அதிகம் என்பதால் இன்னொரு செய்தி எனக்குக் கவலை தருகிறது. 2018இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் லோஃப்லர் ஆய்வு நிறுவனத்தார், பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் ஆட்டுக்கொல்லி தொற்றும் என்றும், அவற்றிடமிருந்து வெள்ளாட்டுக்குத் திரும்பவும் தொற்றக்கூடும் என்றும் சோதனையில் கண்டார்கள். அதற்கு முன்வரை பன்றியை முட்டுச்சந்தாகவே கருதியிருந்தோம். சோதனைக் கூடத்தில் நடந்தது காட்டில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. மாடும் ஆட்டுக்கொல்லியை வாங்கிக்கொள்ளும். நோய்ப்படாது, பிறருக்குக் கொடுக்கவும் செய்யாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் மட்டும் தங்கும். அதுவும் நமக்கு உதவியே. கல்வராயனில் ஊர் ஊராக மாடுகளின் ரத்தத்தைச் சோதித்தால் எந்த ஊரில் நோய் சத்தமில்லாமல் வந்துபோனது என்று அது காட்டிக்கொடுக்கும்.

நம் கையில் ஊசியே இல்லாத நோய் எப்படியிருக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2020இல் அசாமில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம் 2023 தொடக்கத்தில் உறுதியானது. அங்கே செய்யக் கூடியது பிணத்தை அப்புறப்படுத்துவதும் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதும்தான். காட்டு விலங்குக்கே நேராகத் தடுப்பு மருந்து கொடுத்து வென்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: 1978இல் சுவிட்சர்லாந்தில் வெறிநோய்த் தடுப்பு மருந்தைக் கோழித்தலையில் வைத்து நரிகளுக்குப் போட்டார்கள்; மேற்கு ஐரோப்பாவில் நரிவெறி பின்வாங்கியது. மானுக்கும் காட்டுமாட்டுக்கும் அப்படி இரை வைக்க இன்று வழியில்லை. அவற்றுக்கான காவலை நாம் பட்டியிலேயேதான் போட்டாக வேண்டும்.

வெக்கையை ஒழிக்க முடிந்ததற்கு மூன்று காரணங்கள்: ஒரே வகை நச்சுயிரி, ஒரு முறை போட்டால் நிற்கும் ஊசி, தேறிய விலங்கு நோயைச் சுமந்து திரியாமை. ஆட்டுக்கொல்லிக்கும் இந்த மூன்றும் பொருந்தும். கோமாரிக்குப் பொருந்தாது, அதில் இந்தியாவில் மட்டும் மூன்று வகை நச்சுயிரிகள் உலவுகின்றன, தேறிய மாட்டின் தொண்டையிலும் அது தங்கும். மூன்றும் பொருந்துவதால்தான் உலக விலங்கு நல அமைப்பும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2030க்குள் ஆட்டுக்கொல்லியை ஒழிப்பதென்று 2015இல் உறுதி எடுத்தன. முடியாத காரியமல்ல. ஆனால் ஒழிப்பு என்பது நெடுஞ்சாலையோர ஊர்களில் முடிந்துவிடாது. வெக்கையின் கடைசிக் காலத்தில் ஆப்பிரிக்காவில் அது பதுங்கியிருந்தது தடுப்பூசி வண்டி போகாத மேய்ச்சல் நிலங்களில்தான். தமிழ்நாட்டில் அப்படி ஒரு மூலை மிஞ்சினால் அது கல்வராயன் போன்ற மலையாகத்தான் இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் மலையிலோ அடிவாரத்திலோ ஆடு வைத்திருப்பவர், அல்லது அப்படி ஒருவரை அறிந்தவர் யாரேனும் இருந்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குட்டி விழுந்ததும் எழுந்து நிற்கக் காத்திராமல் தாய்மடியில் அதன் வாயை வையுங்கள். பிறந்த தேதியைச் சுவரில் கரிக்கோடு போட்டாவது குறித்து வையுங்கள். நான்கு மாதம் நிறைந்ததும் முகாம் அறிவிப்பை எதிர்பார்க்காமல் கால்நடை மருந்தகத்தில் சொல்லி ஊசிக்குக் கேளுங்கள். சந்தையிலிருந்து வந்த ஆட்டை மூன்று வாரம் பட்டிக்கு வெளியே தனியாகக் கட்டுங்கள். இரண்டு ஆடு அடுத்தடுத்துக் கழிந்து, சளி ஒழுகி, வாய் புண்ணானால் விற்றுவிட ஓடாமல் 1962 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அந்த ஆடுகளை அன்று மலைக்கு மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டாம்.